பாடாமல் நிற்கும் மகனை என்ன செய்வது?

சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு தாயார் எழுதியிருக்கிறார். கடிதம் நீளம் என்பதால் முக்கியமான பகுதியை மட்டும் அவருடைய வார்த்தைகளிலேயே தருகிறேன். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டேன்.

"மேடம், என் மகன் தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டு படிக்கிறான். பத்து வயது ஆகிறது. வம்பு தும்புக்குப் போகாத பிள்ளை. ஒரு மாதமாகத் திங்கட்கிழமை சபைகூடலில் நெகாராகூ (மலேசியத் தேசிய கீதம்) பாடுவதில்லை, ருக்குன் நெகாரா (ஐந்து கோட்பாடுகள் கொண்ட நாட்டின் உறுதிமொழி) சொல்லும்போது கையைத் தூக்குவதில்லை. நேராகத்தான் நிற்கிறான், வாய் மட்டும் திறப்பதில்லை. மாணவர் தலைவன் ஒருவன் பார்த்து ஆசிரியரிடம் சொல்லிவிட்டான். போன வாரம் கட்டொழுங்கு ஆசிரியர் இவனை முன்னால் கூப்பிட்டு, எல்லார் எதிரிலும் தனியாகப் பாடச் சொல்லியிருக்கிறார். இவன் பாடவில்லை, அழுதிருக்கிறான். வீட்டுக்கு வந்து, 'மனசார நினைச்சுத்தான் சத்தியம் பண்ணணும்னு நீங்கதானே சொன்னீங்க, அப்போ இதை மட்டும் ஏன் எல்லாரும் கட்டாயமா சொல்லணும்?' என்று கேட்கிறான். என் கணவர் செம்பனைக் குலை லாரி ஓட்டுகிறார். அவருக்குப் பயம். 'நாம இந்தியர், மத்தவங்களைவிட ஒரு படி கூடத்தான் காட்டணும், பாடிட்டுப் போனா என்ன?' என்கிறார். மாமியார் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். 'நிக்கச் சொன்னா நிக்கணும், சொல்லச் சொன்னா சொல்லணும், நாங்க அப்படித்தான் இருந்தோம்' என்கிறார். தலைமையாசிரியரைக் கேட்டால், யாரையும் கட்டாயப்படுத்தவில்லை, எல்லாப் பிள்ளைகளும் விருப்பப்பட்டுத்தான் பாடுகிறார்கள் என்கிறார். அது உண்மையா? சட்டப்படி என் மகன் தப்பு செய்கிறானா? நான் அவனிடம் என்ன சொல்ல வேண்டும்? இதற்குச் சம்பந்தம் உண்டா தெரியவில்லை, பக்கத்து வீட்டுப் பையனும் இவனும் ஒரே வகுப்பு, அந்தப் பையனுக்கு இன்னும் குடியுரிமை கிடைக்கவில்லை, அதைப் பற்றியும் அடிக்கடி கேட்டுக்கொண்டே இருக்கிறான்."

அன்புள்ள சகோதரி,

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன், விளக்கம் அப்புறம். உங்கள் மகன் தப்பு எதுவும் செய்யவில்லை. எல்லாரும் விருப்பப்பட்டுத்தான் பாடுகிறார்கள் என்று தலைமையாசிரியர் சொல்வது சரியில்லை, ஆனால் அவர் பொய் சொல்கிறார் என்றும் நான் நினைக்கவில்லை. மேடையிலிருந்து பார்த்தால் பிள்ளைகள் வரிசையாக நின்று ஒரே குரலில் பாடுவது தெரியும், யார் முகத்திலும் வருத்தம் தெரியாது, பார்க்கிற எவருக்கும் இவர்கள் விரும்பித்தான் பாடுகிறார்கள் என்று தோன்றும். பல பிள்ளைகள் உண்மையிலேயே விரும்பித்தான் பாடுகிறார்கள். காலையில் எல்லாரும் சேர்ந்து குரல் எழுப்புவதில் பிள்ளைகளுக்கு ஒரு சந்தோஷம் இருக்கிறது, அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு காரியம் விருப்பமா கட்டாயமா என்பதை, அதைச் செய்கிறவர்களைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. செய்யாமல் நின்றவனுக்கு என்ன நடந்தது என்று பார்க்க வேண்டும். உங்கள் பள்ளியில் ஒருவன் செய்யாமல் நின்றான், அவனை முன்னால் கூப்பிட்டு அழ வைத்தார்கள். இதற்கு மேல் வேறு சாட்சி தேவையில்லை.

பத்து வயதுப் பிள்ளைக்கு 'வேண்டாம்' என்று சொல்வது எவ்வளவு கஷ்டம் என்பதைப் பெரியவர்கள் மறந்துவிடுகிறோம். ஆசிரியர் பார்க்கிறார், மாணவர் தலைவன் வரிசைக்கு நடுவே நடந்து வருகிறான், இடது பக்கம் நிற்கிற நண்பன் பாடுகிறான், வலது பக்கம் நிற்கிறவளும் பாடுகிறாள். யாரும் மிரட்ட வேண்டியதே இல்லை. பள்ளிகளில் ஆலோசக ஆசிரியராக வேலை பார்த்த காலத்தில் பிள்ளைகள் என்னிடம் தனியாகச் சொன்னது உண்டு: வாயை மட்டும் அசைப்பேன் டீச்சர், சத்தம் வராது. ஏன் என்று கேட்டால் சிலருக்கு வரிகள் தெரியாது, சிலருக்குத் தூக்கம், சிலருக்கு வீட்டில் முதல் நாள் இரவு நடந்த சண்டை மனதில் ஓடிக்கொண்டிருக்கும். ஒரு சிலர்தான் உங்கள் மகனைப்போல யோசித்து நிறுத்தியவர்கள். வாயசைக்கிற பிள்ளைகள் மாட்டுவதில்லை. யோசித்து, ஒளிக்காமல் நின்ற பிள்ளைதான் மாட்டிக்கொண்டான் என்பது எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் பார்த்துக்கொண்டிருந்த மற்ற பிள்ளைகள் கற்றுக்கொண்டது நாட்டுப்பற்றை இல்லை, இனிமேல் வாயை அசைத்துவிட வேண்டும் என்பதைத்தான்.

சட்டத்துக்கு வருவோம், ஏனென்றால் உங்கள் கணவரின் பயம் அங்கேதான் இருக்கிறது. நம் நாட்டில் 1968-ஆம் ஆண்டின் தேசிய கீதச் சட்டம் இருக்கிறது. கீதம் ஒலிக்கும்போது அங்கே இருக்கிறவர்கள் எழுந்து நேராக நிற்க வேண்டும் என்று அது சொல்கிறது. பொது இடத்தில் தெரிந்தே கீதத்துக்கு அவமரியாதை செய்தால் நூறு ரிங்கிட் வரை அபராதம் அல்லது ஒரு மாதம் வரை சிறை என்றும் சொல்கிறது. உங்கள் மகன் எழுந்து நேராக நிற்கிறான். சிரிக்கவில்லை, பேசவில்லை, திரும்பி நிற்கவில்லை. சட்டம் கேட்கிற மரியாதையை அவன் கொடுத்துவிட்டான். அதோடு, பத்து வயதுக்குக் குறைந்த பிள்ளை செய்வது எதுவும் குற்றம் ஆகாது என்றும், பத்திலிருந்து பன்னிரண்டுக்குள் இருக்கிற பிள்ளைக்குத் தான் செய்வதன் பொருள் புரியும் முதிர்ச்சி இல்லையென்றால் அதுவும் குற்றம் ஆகாது என்றும் தண்டனைச் சட்டத்தின் 82, 83 பிரிவுகள் சொல்கின்றன. ஆகவே போலீஸ், கோர்ட்டு என்று உங்கள் வீட்டில் யாரும் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

பள்ளிக் கட்டொழுங்கு என்பது வேறு. சபைகூடலுக்கு வர வேண்டும், வரிசையில் நிற்க வேண்டும், மற்றவர்களுக்கு இடைஞ்சல் செய்யக் கூடாது, இதையெல்லாம் பள்ளி எதிர்பார்க்கலாம், எதிர்பார்க்கவும் வேண்டும். 2025 ஏப்ரல் 21 முதல் பள்ளிச் சீருடையில் ஜாலூர் கெமிலாங், அதாவது தேசியக் கொடிச் சின்னம் அணிய வேண்டும் என்று கல்வி அமைச்சு சொன்னபோதும் சில பெற்றோர்கள் இதே கேள்வியை என்னிடம் கேட்டார்கள். அணிந்துகொண்டு போகட்டும் என்றுதான் சொன்னேன். சீருடை சீருடைதான், சட்டையில் தைத்திருக்கும் சின்னம் பிள்ளையை எதையும் சொல்ல வைப்பதில்லை. எழுந்து நிற்பதும் அப்படித்தான், அது சபை மரியாதை, அதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் கையைத் தூக்கி உறுதிமொழி சொல்வது வேறு வகை. அங்கே பிள்ளையின் வாயிலிருந்து ஒரு வாக்கு வருகிறது.

"சாமி கும்பிடு என்று பிள்ளையிடம் அனுமதி கேட்டா சொல்கிறோம்? வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொல்வதில்லையா? கடவுள் வாழ்த்தும் திருக்குறளும் எல்லாப் பிள்ளையும்தானே சொல்கிறது?" என்று யாராவது உங்களிடம் கேட்பார்கள். நியாயமான கேள்வி. பிள்ளைகளைப் பழக்கத்துக்குள் கொண்டு வராமல் வளர்க்க முடியாது, எல்லாவற்றுக்கும் அவர்கள் சம்மதத்தைக் கேட்டுக்கொண்டிருந்தால் ஒருவரும் பல் துலக்க மாட்டார்கள். ஆனால் வாய்ப்பாட்டை ஒப்பிப்பதில் யாருக்கும் எந்த வாக்கும் கொடுப்பதில்லை. உறுதிமொழி என்பது 'நான் இப்படி இருப்பேன்' என்று பெயர் கொடுத்துச் சொல்வது. தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டுப் பிள்ளையை நினைத்துப் பாருங்கள். வீட்டில் தமிழ், பாலர் பள்ளியில் கொஞ்சம் மலாய். அந்த ஏழு வயதுப் பிள்ளை கையைத் தூக்கி 'கெலுஹூரான் பெர்லெம்பாகாஆன்' என்று கணீரென்று சொல்கிறது. அரசியலமைப்புச் சட்டத்தின் மேன்மை. அந்தச் சட்டம் எங்கே இருக்கிறது, யார் எழுதினார்கள், அதில் தன் வீட்டைப் பற்றி என்ன இருக்கிறது என்று அந்தப் பிள்ளைக்கு யாரும் சொல்லவில்லை. இதை விருப்பத்தோடு கொடுத்த வாக்கு என்று நாம் எடுத்துக்கொள்ள முடியுமா? பழக்கம் என்று சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன். பழக்கத்தைப் பழக்கம் என்று ஒப்புக்கொண்டால், பிள்ளை வளர்ந்து ஒருநாள் பொருள் கேட்கும்போது சந்தோஷப்பட்டு உட்கார்ந்து விளக்கத் தோன்றும். விருப்பம் என்று பெயர் வைத்துவிட்டால், கேள்வி கேட்கிற பிள்ளை துரோகி மாதிரி தெரிவான்.

உங்கள் மாமியார் சொன்னதை நான் தட்டிவிடப் போவதில்லை. விடியாத நேரத்தில் தோட்டத்தில் பெரட்டுக்குப் போய், மண்டோர் என்கிற மேற்பார்வையாளர் முன்னால் வரிசையில் நின்று, பெயர் கூப்பிட்டால் குரல் கொடுத்து, வராவிட்டால் அன்றைய சம்பளம் போச்சு என்று வாழ்ந்த தலைமுறை அது. அவர்கள் அந்தத் தோட்டத்தை நேசித்தார்கள் என்பதிலும் எனக்குச் சந்தேகம் இல்லை. அவரையே கேட்டுப் பாருங்கள், எந்த நிரையில் எந்த மரம் எவ்வளவு பால் கொடுத்தது என்பது இன்றைக்கும் ஞாபகம் இருக்கும், கோயில் திருவிழா பற்றிச் சொல்லும்போது கண் கலங்கும், தோட்டத்தை விற்று வெட்டிச் செம்பனை போட்டபோது எப்படி இருந்தது என்று சொல்வார். அந்த நேசம் பெரட்டு வரிசையில் நின்றதால் வந்ததா என்றும் கேளுங்கள். பிள்ளைகள் நாட்டை நேசிப்பதும் அதே வழியில்தான் வரும்.

இதைச் சொல்வதால் நான் ருக்குன் நெகாராவை வேண்டாம் என்கிறவள் என்று நினைத்துவிட வேண்டாம். 1969 மே 13 கலவரத்துக்குப் பிறகு, இந்த நாடு இன்னொரு முறை அப்படி உடையக் கூடாது என்று பயந்தவர்கள் சேர்ந்து யோசித்து, 1970 ஆகஸ்ட் 31-இல் அறிவித்தது அது. ஐந்து கோட்பாடுகளைத்தான் பிள்ளைகள் மனப்பாடம் செய்கிறார்கள். அவற்றுக்கு முன்னால் ஒரு முகவுரை இருக்கிறது, அதை நிறுத்தி நிதானமாகப் படித்துக் காட்டுபவர்கள் குறைவு. ஜனநாயக வாழ்க்கை முறையைக் காப்பது, நாட்டின் வளம் நியாயமாகப் பகிரப்படும் நீதியான சமுதாயத்தை உருவாக்குவது, பலவகைப் பண்பாட்டு மரபுகளைப் பரந்த மனதோடு அணுகுவது என்றெல்லாம் அதில் குறிக்கோள்கள் இருக்கின்றன. பிள்ளையை மிரட்டி அழ வைத்து இதைச் சொல்ல வைப்பது அந்த முகவுரைக்கே ஒவ்வாத காரியம். உங்கள் மகனோடு உட்கார்ந்து முழுவதையும் தமிழில் ஒரு தடவை படியுங்கள். பத்து வயதுக்கு அது புரியும், நாலு இடத்தில் கேள்வியும் கேட்பான்.

வேறு நாடுகளிலும் இது நடந்திருக்கிறது. நமக்குப் பக்கத்து ஊர் மாதிரியான கேரளாவில், 1985-இல் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த மூன்று பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நீக்கினார்கள். யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த பிள்ளைகள். இந்திய தேசிய கீதம் பாடும்போது மரியாதையாக எழுந்து நிற்பார்கள், ஆனால் தங்கள் சமய நம்பிக்கையால் பாட மாட்டார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1986-இல் தீர்ப்பு வந்தது: எழுந்து நின்றதே மரியாதை, பாடாதது அவமரியாதை ஆகாது, பிள்ளைகளைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவிலும் அதே பிரிவைச் சேர்ந்த பிள்ளைகள்தான், கொடி வணக்கம் செய்ய மறுத்தவர்கள். 1940-இல் அங்கே உச்ச நீதிமன்றம் பள்ளி கட்டாயப்படுத்தலாம் என்றது, மூன்றே ஆண்டில், உலகப் போர் உச்சத்தில் இருந்த 1943-இல், தன் தீர்ப்பைத் தானே மாற்றிக்கொண்டு முடியாது என்றது. இந்தத் தீர்ப்புகள் எதுவும் மலேசிய நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது, அவை சமய நம்பிக்கையில் பிறந்த வழக்குகள், உங்கள் மகனுடைய காரணம் வேறு. இருந்தாலும் தலைமையாசிரியரோடு பேசும்போது கேரள வழக்கைச் சொல்லலாம், ஏனென்றால் மரியாதைக்கும் பாடுவதற்கும் நடுவே ஒரு கோடு போட முடியும் என்று ஒரு பெரிய நீதிமன்றம் காட்டியிருக்கிறது.

நம் நாட்டைப் பற்றி ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். ஐக்கிய நாட்டுச் சிறார் உரிமை உடன்படிக்கையில் மலேசியா 1995-இல் சேர்ந்தது, ஆனால் சில விதிகளை ஒத்துக்கொள்ளாமல் ஒதுக்கி வைத்தது. சிந்தனை, மனசாட்சி, சமயச் சுதந்திரம் பற்றிய 14-ஆவது விதி அப்படி ஒதுக்கியவற்றில் ஒன்று. தன்னைப் பாதிக்கும் விஷயங்களில் பிள்ளை கருத்துச் சொல்லலாம், வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப அதைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும் என்கிற 12-ஆவது விதியை ஒதுக்கவில்லை. ஆகவே 'என் மகனுக்கு மறுக்க உரிமை உண்டு' என்று மேசையைத் தட்டிப் பேசுவதைவிட, 'அவன் சொல்வதை ஒரு தடவை கேளுங்கள் சார்' என்று ஆரம்பிப்பது உங்களுக்கு உறுதியான தரை.

சரி, இப்போது உங்கள் கடிதத்தின் கடைசி வரி. சம்பந்தம் உண்டா தெரியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்த வரியில்தான் விஷயமே இருப்பதாகத் தோன்றுகிறது.

உங்கள் மகனும் பக்கத்து வீட்டுப் பையனும் ஒரே வகுப்பு, ஒரே வரிசை. ஒரு மாதத்துக்கு முன்பு வரை திங்கட்கிழமை இருவரும் கையைத் தூக்கினார்கள். 'மாக்கா காமி, ரக்யாட் மலேசியா, பெரிக்ரார்' என்று சொன்னார்கள். ஆகவே மலேசிய மக்களாகிய நாங்கள் உறுதி கூறுகிறோம். அதில் ஒரு பையனின் பிறப்புப் பத்திரத்தில் 'புக்கான் வார்கா நெகாரா' என்று அச்சடித்திருக்கும், குடிமகன் இல்லை என்று. நான்காம் ஆண்டில்தான் வரலாறு பாடம் ஆரம்பிக்கிறது, நாடு, மக்கள் என்றெல்லாம் பிள்ளைகள் யோசிக்க ஆரம்பிக்கிற வயது. ஒரு பிள்ளை இரண்டையும் சேர்த்துப் பார்த்துவிட்டான் என்றால் என்ன செய்வான்? தன் நண்பன் பொய் சொல்கிறானா, இல்லை அந்தப் பத்திரம் பொய் சொல்கிறதா என்று கேட்க அவனுக்கு வார்த்தை இல்லை. ஆகவே தானும் சொல்வதை நிறுத்திவிடுகிறான். இது என் ஊகம்தான், அவனை நேரில் பார்க்காமல் உறுதியாகச் சொல்லக் கூடாது. ஆனால் தோட்டப்புற ஊர்களில் இந்த வயதுப் பிள்ளைகளோடு பேசியவள் என்கிற முறையில் சொல்கிறேன், பிள்ளைகள் அரசியலுக்காகப் பாடுவதை நிறுத்துவதில்லை, பெரும்பாலும் யாரோ ஒரு மனிதருக்காக நிறுத்துகிறார்கள்.

அவனிடம் கேளுங்கள். 'ஏன் பாடவில்லை' என்று கேட்காதீர்கள், அந்தக் கேள்வியை அவன் பள்ளியிலேயே போதுமான அளவு கேட்டுவிட்டான். 'உன் கூட்டாளி அந்த நேரத்தில் என்ன செய்வான்?' என்று கேளுங்கள், இரவில் சாப்பிட்ட பிறகு, டிவி ஓடாத நேரத்தில். அவன் பேசினால் குறுக்கே போகாதீர்கள். நான் நினைத்ததுதான் காரணம் என்றால், உங்கள் மகன் நாட்டை வெறுக்கவில்லை. தன் நண்பனையும் நாட்டுக்குள் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறான். அதை உங்கள் கணவரும் கேட்கட்டும். வேறு ஏதாவது காரணம் என்றாலும் பரவாயில்லை, அது என்னவென்று தெரிந்துகொண்டு பள்ளிக்குப் போங்கள்.

பள்ளிக்குப் போகும்போது திங்கட்கிழமை காலையில் போகாதீர்கள், அன்றைக்கு யாருக்கும் பொறுமை இருக்காது. முன்கூட்டியே சொல்லிவிட்டு, முடிந்தால் கணவரோடு போங்கள், அவருக்கு லாரி ஓட்டம் இல்லாத நாளாகப் பார்த்து. மகன் சபைகூடலுக்கு ஒழுங்காக வருகிறான், நேராக நிற்கிறான் என்பதிலிருந்து ஆரம்பியுங்கள், அதை அவர்களும் மறுக்க முடியாது. அவன் பாடாததற்கு என்ன காரணம் என்று வீட்டில் பேசிக்கொண்டிருக்கிறோம், கொஞ்சம் அவகாசம் கொடுங்கள், அதுவரை அமைதியாக நிற்க விடுங்கள் என்று கேளுங்கள். இதைப் பணிவாகக் கேட்கலாம். பணிவாக இருந்தாலும் விட்டுக்கொடுக்கக் கூடாதது ஒன்று உண்டு: இனி அவனை எல்லார் முன்னாலும் நிறுத்தித் தனியாகப் பாடச் சொல்லக் கூடாது. பத்து வயதுப் பிள்ளைக்குப் பள்ளி முழுவதும் பார்க்க அழுவது சின்ன விஷயம் இல்லை. அது வயிற்று வலியாக, காலையில் பள்ளிக்குப் போக அடம் பிடிப்பதாக, சில பிள்ளைகளுக்குப் படுக்கையை நனைப்பதாகக்கூட வெளியே வரும், அவற்றைக் கவனித்துக்கொண்டிருங்கள். கட்டொழுங்கு ஆசிரியரைக் குற்றவாளி மாதிரி நிறுத்தவும் வேண்டாம். அவருக்கும் மேலே பதில் சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள், தமிழ்ப்பள்ளியில் பிள்ளை நெகாராகூ பாடவில்லை என்று யாராவது போனில் படம் பிடித்துப் போட்டுவிடுவார்களோ என்ற பயம் அவருக்கும் இருக்கும், அந்தப் பயத்தில் காரணம் இல்லாமல் இல்லை. பள்ளியில் ஆலோசக ஆசிரியர் இருந்தால் அவர் மகனோடு பேசட்டும். சிறிய பள்ளி என்றால் முழுநேரமாக ஒருவர் இருக்க மாட்டார், அப்போது மாவட்டக் கல்வி இலாகாவில் கேட்டுப் பார்க்கலாம்.

உங்கள் கணவருக்கு ஒரு வார்த்தை. ஐயா, 'ஒரு படி கூடக் காட்டணும்' என்று நீங்கள் சொன்னது எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும், என் வீட்டிலும் அதைச் சொல்லித்தான் வளர்த்தார்கள். ஒரு தமிழ்ப் பையனின் மௌனத்தை வேறு மாதிரி அர்த்தம் பண்ணிக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள், அதை இல்லை என்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன். இன்னும் மூன்று ஆண்டில் அவன் இடைநிலைப் பள்ளிக்குப் போவான். அங்கே அவனைக் குழந்தையிலிருந்து தெரிந்த ஆசிரியர்கள் இருக்க மாட்டார்கள், அவனுடைய மௌனத்துக்கு விளக்கம் கேட்கிற பொறுமையும் எல்லாரிடமும் இருக்காது. அதை அவனிடம் மறைக்காமல் சொல்லுங்கள், அவனாகவே யோசித்து முடிவு எடுக்கட்டும். ஆனால் சந்தேகப்படுகிறவர்களுக்குக் காட்டத்தான் நாட்டுப்பற்று என்று மட்டும் அவன் கற்றுக்கொள்ள விடாதீர்கள். உங்கள் ஊரிலேயே அவனுக்குச் சொல்ல எவ்வளவோ இருக்கிறது. சுங்கை சிப்புட்டில் பிறந்து வளர்ந்து அமைச்சராக இருந்த துன் சம்பந்தன், தோட்டங்களைத் துண்டாடி விற்ற காலத்தில், 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால்மரம் வெட்டிய ஏழைகள் தங்கள் கூலியிலிருந்து எடுத்துக் கொடுத்த சிறு சிறு காசில் தோட்டங்களையே வாங்கினார்கள். இந்த மண்ணில் நாங்கள் இருப்போம் என்று அவர்கள் காசு போட்டுச் சொன்னார்கள். உங்கள் அம்மாவுக்கு அந்தக் காலம் ஞாபகம் இருக்கும், அவரையே சொல்லச் சொல்லுங்கள். சபைகூடலில் கிடைக்காத ஒன்று அந்தப் பையனுக்கு அன்றைக்குக் கிடைக்கும்.

மகனிடம் என்ன சொல்வது என்று கேட்டீர்கள். நேராக நில், சிரிக்காதே, மற்றவர்கள் பாடுவதைக் கேலி செய்யாதே, மற்றவர்களையும் பாடாதே என்று சொல்லாதே. ஆசிரியர் கேட்டால், 'இன்னும் யோசிக்கிறேன் சார், அம்மா வந்து பேசுவாங்க' என்று சொல். பாட வேண்டும் என்று தோன்றுகிற நாளில் பாடு, யாரும் கேட்க மாட்டோம். இவ்வளவு போதும். அவனைப் பெரிய வீரனாக ஆக்கிவிடவும் வேண்டாம். சொந்தக்காரர்கள் வந்தால் அவன் எதிரில் இந்தக் கதையைச் சொல்லாதீர்கள், வாட்ஸ்அப்பில் போடாதீர்கள். புகழ்ந்தாலும் அவன் அதற்குப் பிறகு மனதை மாற்றிக்கொள்ள வெட்கப்படுவான், அதுவும் ஒரு கட்டாயம்தான்.

பக்கத்து வீட்டுக்கு இதைச் சொல்லுங்கள், ஏனென்றால் உங்கள் மகனுக்கு நீங்கள் செய்யக்கூடிய பெரிய காரியம் இதுவாகவே இருக்கலாம். அந்தப் பையனின் பெற்றோர் கல்யாணம் கோயிலில் மட்டும் நடந்ததா, பதிவு செய்தார்களா, செய்திருந்தால் பிள்ளை பிறப்பதற்கு முன்பா பின்பா என்று கேளுங்கள். முஸ்லிம் அல்லாதவர்களின் கல்யாணத்தை 1982 மார்ச் முதல் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும், தோட்டங்களில் பல குடும்பங்கள் தாலி கட்டியதோடு விட்டுவிட்டன. பதிவில்லாமல் பிறந்த பிள்ளை அரசியலமைப்புச் சட்டத்தின் இரண்டாவது அட்டவணைப்படி குடியுரிமையில் தாயைத்தான் பின்தொடரும். தாய்க்குப் பத்திரம் இல்லையென்றால், அப்பா மலேசியராக இருந்தாலும், பிள்ளை மாட்டிக்கொள்கிறது. இப்படிப்பட்ட பிள்ளைகளுக்காக 15ஏ விதியின் கீழ் தேசியப் பதிவு இலாகாவில் விண்ணப்பிக்கலாம், முடிவு உள்துறை அமைச்சுடையது. வயது வரம்பு உண்டு, ஆகவே தள்ளிப் போட வேண்டாம், ஒரு தடவை மறுத்தாலும் திரும்ப விண்ணப்பிக்கலாம். பிறப்புப் பத்திரம், பெற்றோர் இருவரின் அடையாளப் பத்திரங்களில் இருப்பது எதுவோ அது, திருமணப் பதிவு இருந்தால் அது, பையனின் பள்ளிக் கடிதம், கிளினிக் அட்டை, எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போட்டுப் பிரதி எடுத்து வைக்கச் சொல்லுங்கள். இலாகாவில் கொடுக்கிற ரசீதைத் தொலைக்கவே கூடாது. தனியாகப் போகப் பயமாக இருந்தால் டி.எச்.ஆர்.ஆர்.ஏ. மலேசியா என்ற அமைப்பு இந்த வேலையைத்தான் நீண்ட காலமாகச் செய்கிறது, ஈப்போவில் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையமும் இருக்கிறது. விண்ணப்பம் போட்டதும் உங்கள் மகனிடமும் சொல்லிவிடுங்கள்.